இடது இருக்கையா, பெரிய விமானமா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் எம்ப்ரேயர் 175 விமானத்தின் துணை விமானியாக மூன்றாண்டுகளாகப் பறக்கிறேன். கேப்டன் பதவி உயர்வுக்கு என் முறை வந்திருக்கிறது. பயிற்சி வகுப்பு பிப்ரவரியில் தொடங்குகிறது. முதல் ஓராண்டாவது சிகாகோவில் ரிசர்வில், அதாவது அழைத்ததும் பறக்கத் தயாராகக் காத்திருக்கும் பணியில், இருக்க வேண்டும். என் வீடு இருப்பதோ சின்சினாட்டியில். இதே நேரத்தில் ஒரு சரக்கு விமான நிறுவனம் போயிங் 747 துணை விமானியாக என்னை அழைத்திருக்கிறது. மாதத்தில் 17 நாட்கள் தொடர்ந்து வெளியே, மற்ற நாட்கள் வீட்டில். வீட்டிலிருந்து பணியிடம் செல்லும் பயணச் சீட்டும் அவர்களுடையது. மகளுக்கு இரண்டு வயது. சிறுவயதில் மீனம்பாக்கத்தில் வேலிக்கு வெளியே நின்று 747 இறங்குவதைப் பார்த்துத்தான் விமானியாக வேண்டும் என்று நினைத்தேன். இரண்டையும் பறந்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

ஒரு துணை விமானி, சின்சினாட்டி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கேப்டன் பயிற்சிக்குச் செல்லுங்கள். ஆனால் அந்த முடிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது சிகாகோவைப் பற்றியது.

747 மீது உங்களுக்கு இருக்கும் ஆசையை நான் சிறிதாக நினைக்கவில்லை. மூக்குக் கதவு மேலே திறந்து, நூறு டன்னுக்கு மேற்பட்ட சரக்கு உள்ளே போவதை முதன்முறை அலாஸ்காவின் ஆங்கரேஜில் பார்த்த காலை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. கடைசி 747 விமானம் 2023 ஜனவரியில் ஒரு சரக்கு நிறுவனத்திடம்தான் ஒப்படைக்கப்பட்டது. இனி அந்த விமானம் தயாரிக்கப்படப் போவதில்லை. இந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்காமல் போகலாம் என்ற உங்கள் தவிப்பு நியாயமானதுதான்.

ஆனால் அந்த விமானத்தில் துணை விமானி அமரும் வலது இருக்கையில் உங்கள் நாட்கள் எப்படிக் கழியும் என்பதை எண்ணிப் பாருங்கள். நீண்ட தூரப் பயணங்களில் மூன்று அல்லது நான்கு விமானிகள் இருப்பார்கள். தரையிறக்கும் வாய்ப்பை அவர்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நான் 747க்கு வந்த முதல் மூன்று மாதங்களில் என் கையால் இறக்கியது ஐந்து முறை. 90 நாட்களுக்குள் மூன்று முறை மேலெழுப்பி மூன்று முறை இறக்கியிருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதியை நிறைவு செய்வதற்காகவே சிமுலேட்டருக்கு அனுப்பப்பட்ட துணை விமானிகளை அங்கே பார்த்திருக்கிறேன். நீங்கள் இப்போது ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்குகிறீர்கள். பெரிய விமானம் பெருங்கடல் கடப்பதையும், எடைக் கணக்கையும், உலகின் பல வான்வெளிகளின் பழக்கங்களையும் கற்றுத் தரும். முடிவெடுக்கக் கற்றுத் தருவது கேப்டன் அமரும் இடது இருக்கை.

நான் கேப்டனான முதல் குளிர்காலத்தில், மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில் ஓர் இரவு, ஐம்பது இருக்கை விமானத்தின் இறக்கைகளில் பனிநீக்கத் திரவம் அடித்து ஓடுபாதைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பனிப்பொழிவு திடீரென்று வலுத்தது; திரவம் தாக்குப்பிடிக்கும் நேரத்தை அட்டவணையில் மீண்டும் பார்த்தபோது அது முடிந்துவிட்டிருந்தது. பயணிகளில் பலருக்கு அடுத்த விமானம் காத்திருந்தது. எங்கள் பணி நேரமும் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பினேன். மறுபடி திரவம் அடித்து முடிப்பதற்குள் பணி நேரம் கடந்துவிட, பயணிகள் அனைவரும் அந்த இரவை அங்கேயே கழிக்க நேர்ந்தது. துணை விமானியாக அதே திருப்பத்தை நான் பத்து முறை பரிந்துரைத்திருப்பேன். ஆனால் அவ்வளவு பேரின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு அதைச் செய்தபோதுதான் அந்த வேலை எனக்கு விளங்கியது. பின்னாளில் 747இல் நான் பயன்படுத்திய நிதானம் முழுவதும் அந்தச் சிறிய விமானத்தில் சேர்த்தது.

பெரிய நிறுவனங்கள் நீண்ட காலம், ஜெட் அல்லது டர்போபிராப் போன்ற டர்பைன் எஞ்சின் விமானத்தில் கேப்டன் பொறுப்பில் பறந்த 1,000 மணி நேரத்தை எதிர்பார்த்தன. கொள்ளைநோய்க்குப் பின் விமானிகள் கிடைக்காதபோது அதைத் தளர்த்தினார்கள். 2024இல் ஆள் சேர்ப்பு மந்தமானதும் அந்த மணி நேரத்துக்கு மீண்டும் மதிப்பு ஏறியது. சரக்குத் துறை உறுதியானது என்ற எண்ணமும் சரியல்ல. 2023இல் சரக்கு குறைந்து விமானிகள் மிகுதியானபோது, ஃபெடெக்ஸ் தன் விமானிகளிடம் பி.எஸ்.ஏ. என்ற பிராந்திய நிறுவனத்துக்குச் செல்லும் வாய்ப்பைப் பரிசீலிக்கும்படி சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், 747 பறக்கவிட்ட வெஸ்டர்ன் குளோபல் திவால் பாதுகாப்பு கோரியது. பிராந்திய நிறுவனங்களும் மூடப்படுகின்றன. 2020இல் மட்டும் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் மூன்றும் நின்றுபோயின. நிறுவனம் மூடினால், பணி மூப்பு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் சீனியாரிட்டி எண் போய்விடும். கேப்டனாகப் பறந்த மணி நேரம் உங்கள் பதிவேட்டில் இருக்கும்.

உறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்ட் 14 அன்று விடியலுக்கு முன், அலபாமாவின் பர்மிங்காமில் யு.பி.எஸ். நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300 சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். விசாரணை அறிக்கை களைப்பையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. ஐந்து மாதம் முடிவதற்குள், 2014 ஜனவரி 4 அன்று, விமானிகளின் பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவை பயணிகள் விமானங்களுக்கு மட்டும். முதல் வரைவில் சரக்கு விமானங்களும் இருந்தன. செலவைக் காரணம் காட்டி இறுதி வடிவில் விலக்கிவிட்டார்கள். சரக்கு ஏற்றிச் செல்பவரின் உடலும் அதே உடல்தான் என்பதால் இந்த விலக்கை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆகவே அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ஓய்வைப் பற்றிய பகுதியைச் சம்பளப் பகுதிக்கு முன்பே படியுங்கள்.

இனி சிகாகோ. சின்சினாட்டியிலிருந்து ஒவ்வொரு முறையும் பறந்து போய், வாடகை அறையில் படுத்து, இரண்டு மணி நேர அழைப்புக்குக் காத்திருந்து ஓராண்டைக் கழிப்பதாக இருந்தால் என் பதில் மாறும். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே ஐம்பது உயிர்களைப் பறித்த, கோல்கன் என்ற பிராந்திய நிறுவனத்தின் 3407 எண் விமான விபத்துக்கு, விமானம் வேகமிழந்து விழப்போகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாக இயக்கியதே காரணம் என்று முடிவு செய்யப்பட்டது. ஆனால் அதன் துணை விமானி அன்று வேலைக்கு வருவதற்காகவே முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் ஏறி, மெம்பிஸ் வழியாக நியூவார்க் வந்தவர் என்பதை விசாரணை பதிவு செய்திருக்கிறது. புதிய கேப்டன் ஒருவர் அப்படி வந்து இடது இருக்கையில் அமர்வதை நான் விரும்பவில்லை. குடும்பத்தோடு ஓராண்டு சிகாகோவுக்கு வாடகைக்குப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் பயிற்சியைத் தள்ளிப்போட்டு, வீட்டுக்கு அருகில் இடம் திறக்கும்வரை துணை விமானியாகவே இருங்கள். இரண்டும் இயலாதபோதுதான் 747ஐப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும், தொடர்ந்து 17 நாட்கள் தந்தை இல்லாத வீட்டை நடத்தப்போகும் உங்கள் மனைவியின் சொல்லே முதலில் வர வேண்டும்.

பயிற்சியில் தவறினால் அது விமானிகள் பதிவேட்டில் நிலைத்து, பின்னர் சேரும் நிறுவனங்களின் கண்ணில் படும். எனவே டிசம்பரிலிருந்தே படிக்கத் தொடங்குங்கள். பிப்ரவரி வகுப்பு என்று முடிவானால் எழுதுங்கள். முதல் குளிர்காலத்தில் நான் எழுதி வைத்த பனிநீக்கக் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்.