ரூட் கணக்கு தடுக்கினால் கணக்குப் பிரிவையே விட்டுவிடுவதா?

உங்கள் மகளின் விடைத்தாளைப் பார்த்தேன். "ரூட் கணக்கே வரவில்லை, கணக்கு இல்லாத பிரிவில் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். மதிப்பெண் கிடக்கட்டும், எங்கே தப்பு நடந்தது என்று பார்ப்போம்.

√72 = 6√2 என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். எண்ணுக்குப் பதில் எக்ஸ் வந்ததும்தான் கை நின்றுவிடுகிறது. எக்ஸின் 5ஆம் அடுக்குக்கு வர்க்கமூலம் கேட்டால், ஐந்து எக்ஸை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஜோடி சேர்ந்தால்தான் வெளியே வரலாம், ஒரு ஜோடிக்கு ஒரு எக்ஸ். இரண்டு ஜோடி இருப்பதால் எக்ஸ் வர்க்கம் வெளியே வரும், மிஞ்சிய ஒற்றை எக்ஸ் உள்ளேயே இருக்கும். கனமூலம் என்றால் மும்மூன்றாகச் சேர வேண்டும்.

எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலத்தை வெறும் எக்ஸ் என்று எழுதியதற்கும் மதிப்பெண் போயிருக்கிறது. எக்ஸ் −3 ஆக இருந்தால் வர்க்கம் 9, அதன் வர்க்கமூலம் 3. −3 திரும்ப வரவில்லை, பாருங்கள். அதனால்தான் |எக்ஸ்| என்று இருபுறமும் கோடு போட்டு மட்டுக் குறி போடுகிறோம், கழித்தல் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடு என்று அதற்குப் பொருள். எக்ஸ் எதிர்ம எண் இல்லை என்று கேள்வியே சொல்லிவிட்டால் அது வேண்டாம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் மறக்கும் இடம் இது, பெரிதுபடுத்தாதீர்கள்.

எனக்கு உறுத்துவது கடைசிக் கணக்கு. கூட்டலுக்கு மேல் இருந்த ரூட்டைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டாள். √(9+16) என்பது 5, √9+√16 என்பதோ 7. பெருக்கலுக்குச் செல்லும் விதி கூட்டலுக்குச் செல்லாது. இதைக் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன், காரணம் புரியாமல் விதியை மனப்பாடம் செய்திருக்கிறாள். சந்தேகம் வந்தால் எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தால் இது சரியாகிவிடும். காரணிப்படுத்தலையும் அடுக்கு விதிகளையும் ஒரு மாதம், தினமும் அரை மணி நேரம் திரும்பப் பார்க்கட்டும்.

அப்புறம், பிரிவை மாற்றினால் ரூட் விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். பொறியியல், இயற்பியல், கணினி வரைகலை எல்லாவற்றிலும் அது உண்டு. உளவியலும் பொருளியலும் படிக்கிறவர்கள்கூடத் திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, கணக்கிட வேண்டியிருக்கிறது, அங்கேயும் கடைசிப் படி வர்க்கமூலம்தான். சட்டமோ மொழியோ படிக்க அவளுக்கே ஆசை இருந்தால் அது வேறு பேச்சு, தாராளமாகச் சேருங்கள். ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் அவள் என்ன படிக்க விரும்புகிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே. அதைக் கேட்டு எழுதுங்கள், பிரிவைப் பற்றி அப்போது பேசலாம்.