விளக்கக் கடிதத்தில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயா,

நான் முதுநிலை மருத்துவம் படிக்கிறேன். 30 மணி நேரத் தொடர் பணி முடிந்த அன்றே, மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றிய வகுப்புக்குக் கட்டாயம் வரச் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சியின்போது உறங்கிவிட்டேன். இப்போது விளக்கம் கேட்கிறார்கள். குறை என்னிடம்தானா?

ச.

அன்புள்ள ச.,

அந்த வகுப்பில் உங்கள் உடல் செய்ததே சரியான காரியம். உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு, 'பர்ன்அவுட்' எனப்படும் பணிச் சோர்வை நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுக்கிறது. எனவே திருத்த வேண்டியது முதலில் பணியிடத்தை.

பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருக்கும் முறையை 1889 முதல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருவாக்கிய அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், கோகெயினுக்கும் பின்னர் மார்ஃபினுக்கும் அடிமைப்பட்டிருந்தவர். 'நாங்கள் தூங்கினோமா?' என்று கேட்கும் மூத்தவர்களுக்கு இதை யாராவது சொல்லலாம்.

ஆயினும் நேரத்தைக் குறைப்பதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் 2003-இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பும், 2011-இல் முதலாண்டுப் பயிற்சியாளருக்குத் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்ற விதியும் வந்தன. 2017-இல் அந்த 16 மறுபடி 24 ஆனது. நேரம் குறைந்தாலும் வேலை குறையாதபோது, அதே வேலையை இன்னும் வேகமாக ஓடி முடிக்க வேண்டியிருக்கிறது. நோயாளியும் ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவருக்கு அடிக்கடி கைமாறுகிறார்.

என் தந்தைக்குத் துணையாக ஒரு வார்டில் சில இரவுகள் இருந்திருக்கிறேன். அங்கிருந்த இளம் மருத்துவர் இரத்த மாதிரிகளை ஆய்வகத்துக்குத் தாமே கொண்டுபோனார்; ஸ்ட்ரெச்சர் தள்ளினார்; பொட்டாசியம் அளவுகளை உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். இரவு மூன்று மணிக்கு ஏதோ ஐயம் எழ, மூத்தவரை அழைக்க இருமுறை கைப்பேசியை எடுத்தவர், இருமுறையும் அழைக்காமலே பைக்குள் வைத்துவிட்டார். மருத்துவர் அல்லாதவர் செய்யக்கூடிய வேலைகளுக்கு ஆள் வைப்பதும், அந்த அழைப்புக்கு வசவு விழாது என்று உறுதியளிப்பதும் எந்த வகுப்பைவிடவும் பயன் தரும் என்று அன்று தோன்றியது. இன்றும் அதுவே என் கருத்து.

விளக்கக் கடிதத்தில் வருத்தம் தெரிவிக்காதீர்கள். பணியில் சேர்ந்த நேரம், முடித்த நேரம், வகுப்பு தொடங்கிய நேரம் மூன்றையும் எழுதி, உடன் பணியாற்றியவர்களையும் கையொப்பமிடக் கேளுங்கள். விடுப்பு நாளிலும் உறக்கம் வராமலோ, எதிலும் மனம் பற்றாமலோ இருந்தால், அதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடாமல், உங்கள் துறைக்கு வெளியே உள்ள ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.