ஸ்விஃப்ட்டில் குலுக்கல் குறையவேண்டும், மலைப்பாதை வளைவில் சாயவும் கூடாது: லோயரிங் ஸ்பிரிங்கும் 16 இஞ்ச் அலாயும் போடலாமா?

கேள்வியில் உள்ள விவரம் இது: 2019 மாடல் ஸ்விஃப்ட், 65,000 கி.மீ. ஓடியிருக்கிறது, டயர் 185/65 ஆர்15. ஊருக்குள் ஒட்டுப்போட்ட ரோட்டில் குலுக்குகிறது. கொல்லிமலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் சாய்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் தாமதமாகத்தான் திரும்புகிறது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் உயரத்தை 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கும் 16 இஞ்ச் அலாய் வீலும் போடச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சொகுசையும் பிடிப்பையும் ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றை வாங்கமுடியும் என்ற நிலை புது வண்டிக்குத்தான் பொருந்தும். நம் ரோட்டில் 65,000 கி.மீ. ஓடிய வண்டி தேய்மானத்தால் இரண்டையுமே சேர்த்து இழந்திருக்கும். அந்தப் பங்கை இரண்டுக்கும் சேர்த்தே மீட்கலாம். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் கடைசி.

செலவே இல்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்று அளவு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். பங்க்கில் கேட்காமலே 35, 36 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துவிடுவது சாதாரணம். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் படாத இடத்தில், சொந்தமாக ஒரு கேஜ் வைத்து அளந்துபாருங்கள். டயர் 10 டிகிரி சூடானால் அளவு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறிக் காட்டும். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து பங்க்கில் அளந்தால் சரியான எண் கிடைக்காது.

ஸ்டிக்கர் அளவில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, அதிலிருந்து ஒரு பிஎஸ்ஐ, ஒரு பிஎஸ்ஐயாக மட்டும் மாற்றுங்கள். ஸ்டிக்கருக்குக் கீழே போகவேண்டாம். எல்லை எங்கே என்பதை டயரே சொல்லும். டயரின் தோளில், தரையைத் தொடும் பட்டையும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதன் மேல் குறுக்காக சாக்பீஸில் ஒரு கோடு போட்டுவிட்டு, வழக்கமாகப் போகும் வேகத்தில் நாலைந்து வளைவு ஓட்டிப் பாருங்கள். கோடு முக்கோணத்தின் நுனி வரை அழிந்திருந்தால் சரி. முக்கோணத்தையும் தாண்டி பக்கச்சுவரில் அழிந்திருந்தால் காற்று குறைவு, டயர் மடிகிறது. முக்கோணத்துக்கு வெகுதூரம் முன்பே நின்றிருந்தால், வீணாகக் காற்றை ஏற்றிவைத்துக் குலுங்குகிறீர்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 2 பிஎஸ்ஐ வித்தியாசம் மாறினாலே வளைவில் வண்டியின் குணம் மாறுவதை உணரலாம்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால், பட்டை மிச்சம் இருந்தாலும் நம் வெயிலில் ரப்பர் இறுகியிருக்கும். இறுகிய டயர் குலுக்கும், வழுக்கவும் செய்யும். அதே அளவில் நல்ல டூரிங் டயர் நாலு போட்டாலே கேள்வியில் பாதி தீர்ந்துவிடக்கூடும்.

அடுத்தது வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவேண்டியவை. சின்னக் கல்லிலும் ‘டக் டக்’ என்று முன்பக்கம் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் (இரண்டு சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி) லிங்க் ராட். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொங்’ என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் (முன் ஷாக்கின் மேல்முனையில் இருப்பது). பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிணைக்கும் கை) பின் புஷ்ஷையும், அதாவது அதன் ரப்பர் மூட்டையும், சந்தேகியுங்கள். கடப்பாரையை வைத்து நெம்பினால் ரப்பர் கிழிந்திருப்பது தெரிந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் தாமதமாகத் திரும்புவதாகக் கேள்வியில் சொல்லியிருக்கிறதே, அதற்கு இந்தப் புஷ் ஒரு முக்கியக் காரணம். சக்கரம் திரும்ப ஆரம்பித்ததும் முதலில் புஷ் நசுங்குகிறது, அதற்குப் பிறகுதான் வண்டி திரும்புகிறது.

புஷ் மாற்றும்போது ஒன்றை வலியுறுத்திக் கேளுங்கள், இதைப் பல இடங்களில் செய்வதில்லை. லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது கடைசி டைட் வைக்கக்கூடாது. சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகுதான் வைக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். அந்த முறுக்கு ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து குலுக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். பாலியூரிதேன் புஷ் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வளைவில் கூர்மை கொஞ்சம் கூடும். அதற்குக் கைமாறாக ரோட்டின் சத்தமும் அதிர்வும் அப்படியே உள்ளே வரும்.

இனி ஷாக் அப்சார்பர், இந்தப் பதிலின் மையம் இதுதான். பானட்டை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையில் முழுசாகச் செத்த ஷாக்தான் மாட்டும். பாதி பலம் போனது தப்பித்துவிடும். ஓட்டும்போது கவனியுங்கள். வேகத்தடை இறங்கியதும் ஒரே அசைவில் வண்டி அமர்ந்துவிடவேண்டும். இரண்டாவது முறை எழுந்து ஆடினால், அல்லது நெடுஞ்சாலையில் 90, 100 கி.மீ. வேகத்தில் மிதப்பதுபோல் இருந்தால், ரீபவுண்ட் (அழுந்திய ஸ்பிரிங் திரும்ப எழுவதை அடக்கும் திறன்) போய்விட்டது. எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஸ்பிரிங்குக்கு முன் ஷாக்கை ஏன் பார்க்கவேண்டும் என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். இந்த மாதிரி வண்டியில் முன்பக்க ஸ்பிரிங் ஒன்று ஏறக்குறைய 250 கிலோ தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்ப கார்கள் பொதுவாக நொடிக்கு 1 முதல் 1.5 தடவை (ஹெர்ட்ஸ்) ஆடும்படி அமைக்கப்படுகின்றன. 1.3 ஹெர்ட்ஸ் வேண்டுமானால், சக்கரத்தில் மில்லிமீட்டருக்குச் சுமார் 1.7 கிலோ விறைப்பு தேவை. இப்போது 30 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங் போடுகிறீர்கள். ஆட்டம் 1.48 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், குலுக்கல் உடனே தெரியும். சாய்வு எவ்வளவு குறையும்? சாய்வைத் தடுப்பதில் ஸ்பிரிங்கின் பங்கு பாதி, மீதி ஸ்டெபிலைசர் பாரும் பின் ஆக்ஸிலும் என்று கொண்டால், மொத்தத் தடுப்பு 15 சதவீதம்தான் கூடுகிறது. 4 டிகிரி சாய்ந்த வண்டி 3.5 டிகிரி சாயும். அந்த அரை டிகிரிக்காக நாள் முழுக்கக் குலுங்கவேண்டும். இன்னொரு பக்கம், பழைய ஷாக் அந்த விறைப்பான ஸ்பிரிங்கை அடக்கும் திறன் முன்பைவிட 12 சதவீதம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் ஸ்பிரிங் மட்டும் மாற்றிய வண்டிகள் வளைவின் நடுவில் மேடு வந்தால் துள்ளி விலகுகின்றன.

ஓட்டுகிறவரைப் பயமுறுத்துவது எத்தனை டிகிரி சாய்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதுதான். அந்த வேகத்தை ஷாக்தான் கட்டுப்படுத்துகிறது. வண்டி சாய்வதும் பிரேக்கில் முன்பக்கம் குனிவதும் மெதுவான அசைவுகள். ஷாக்கின் பிஸ்டன் அப்போது நொடிக்குப் பத்து சென்டிமீட்டருக்குள்தான் நகரும். குழியில் விழும்போது அதே பிஸ்டன் பல மடங்கு வேகத்தில் பாயும். நல்ல ஷாக்கில் மெதுவான அசைவுக்கு இறுக்கமும், வேகமான அசைவுக்கு வால்வு திறந்து எண்ணெயை விடும் தாராளமும் இருக்கும். சொகுசும் பிடிப்பும் ஒரே பொருளில் கிடைக்கும் இடம் இதுதான். ஜீப் காம்பஸ், மஹிந்திரா எக்ஸ்யூவி700 போன்றவற்றில் உள்ள எஃப்எஸ்டி (அதிர்வின் வேகத்துக்கு ஏற்ப இறுக்கம் மாறும்) ஷாக், மெதுவான அசைவையும் பட்டென்று வரும் அதிர்வையும் பிரித்து இதே வேலையைச் செய்கிறது.

ஆகவே முதலில் கம்பெனி ஷாக் நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். கூடவே ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அழுந்தும்போது இடி வாங்கும் கட்டை), டஸ்ட் கவர். புது ஷாக்கின் மேல் பழைய மவுண்ட்டைப் போட்டால் சத்தம் தொடரும், கூலியும் இரண்டு தடவை. அதன் பிறகும் போதவில்லை என்று தோன்றினால், கம்பெனி ஸ்பிரிங்குக்கே பொருந்தும், ரீபவுண்ட் கொஞ்சம் கூடிய கேஸ் ஷாக் தேடலாம். கம்ப்ரெஷனும் (ஷாக் அழுந்தும்போது காட்டும் தடுப்பு) சேர்ந்து இறுகியதை வாங்கவேண்டாம்.

30 மி.மீ. இறக்குவதைப் பற்றி. ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐஆர்சி 99 விதி, வட்ட வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் சொன்னது, அப்படிப்பட்டதை 25 கி.மீ. வேகத்தில் சுகமாகத் தாண்டலாம். நம் தெருக்களில் கிடப்பது அந்த உயரத்தைக் கால்வாசி அகலத்தில் குவித்தவை. அடி தட்டுவது வெளியே தெரியும் பிரச்சினை. உள்ளே நடப்பது அதைவிட மோசம்: ஷாக் கீழே போக இருந்த தூரத்தில் 30 மி.மீ. போய்விடுகிறது, அடிக்கடி பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறது. வளைவின் நடுவில் இடித்தால், அந்த நொடியில் அந்தச் சக்கரத்தின் விறைப்பு பல மடங்காகி டயர் பிடிப்பை விடுகிறது. போதாததற்கு, ஸ்விஃப்ட்டின் முன்பக்கத்தில் உள்ள மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் வண்டியை இறக்கினால் ரோல் சென்டர் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடுவதால் சாயவைக்கும் விசையும் கூடுகிறது. விறைப்பில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

இப்போதே பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. டஸ்ட் கவரைத் தூக்கி, ஷாக்கின் பளபளப்பான ராடில் மெல்லிய கேபிள் டை ஒன்றைக் கட்டி, ஷாக்கின் உடம்பை ஒட்டி வையுங்கள். இறுக்கிப் பூட்டவேண்டாம், தள்ளினால் நகரவேண்டும். வழக்கமான ஆட்களோடு வழக்கமான ரோட்டில் ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஷாக் அதிகபட்சம் எவ்வளவு அழுந்தியதோ அந்த இடத்தில் டை நிற்கும். பம்ப் ஸ்டாப் தொடங்கும் இடத்துக்கு இன்னும் 30 மி.மீ. மிச்சம் இல்லை என்றால், இறக்கும் பேச்சை அதோடு விட்டுவிடலாம். பார்த்த பிறகு டையை வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சீலைக் கிழிக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் ஏறும், வெட்டிய முனை அதன் தாங்கியில் சரியாக உட்காராது. சுற்றுகளுக்கு இடையே செருகும் ரப்பர் பஃபரும் கிட்டத்தட்ட இதே கதைதான். அது ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் பூட்டுகிறது, அழுத்தமெல்லாம் அடுத்த சுற்றில் விழுகிறது. காலப்போக்கில் அங்கேதான் ஸ்பிரிங் முறியும்.

ஸ்டெபிலைசர் பார் பற்றிக் கொஞ்சம். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 20 மி.மீ. பாருக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் 46 சதவீதம் கூடுதல். நேரான ரோட்டில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது பார் குறுக்கே வராது என்பதால் ஸ்பிரிங்கைவிட இது நல்ல வழி. ஆனால் ஒரு பக்கம் மட்டும் குழி வந்தால் தலை பக்கவாட்டில் ஆடும், நம் ஊரில் குழி பெரும்பாலும் ஒரு பக்கம்தான். முன்பக்கம் மட்டும் தடிமனாக்கினால் வளைவில் முன்பக்கம் இன்னும் வெளியே தள்ளும், அதுவும் இந்த வண்டிக்கு வேண்டாத குணம்.

16 இஞ்ச் அலாய்: 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ., 195/55 ஆர்16 டயரில் 107. மொத்த விட்டம் இரண்டிலும் 621 மி.மீ.க்கு அருகில் வருவதால் ஸ்பீடோமீட்டர் மாறாது. திருப்பியதும் பதில் விரைவாக வரும், உண்மைதான். ஆனால் 13 மி.மீ. ரப்பர் மெத்தை போய்விடும், வீலின் விளிம்பு வளையும் ஆபத்தும் கூடும். வாங்கினால் கடையில் அலாயைத் தராசில் வைத்துப் பாருங்கள். இப்போதுள்ள வீலைவிட எடை கூடுதல் என்றால் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் ஒவ்வொரு கிலோவும் ஷாக்குக்குக் கூடுதல் வேலை.

எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட். உங்கள் வண்டியில் சாதாரணமாகத் திருத்தமுடிவது முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். திருத்துவதற்கு முன்பும் பின்பும் எடுத்த பிரிண்ட் கேளுங்கள். முன் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஸ்ட்ரட்டோ லோயர் ஆர்மோ வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்; டோவை எத்தனை முறை திருத்தினாலும் வண்டி இழுக்கும். பின் சக்கரம் எல்லைக்கு வெளியே காட்டினால் ஆக்ஸில் பீமை (பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குத்தண்டு) சோதிக்கச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்கைத் தொடுவது நியாயமாகும் சூழல் ஒன்று உண்டு. எப்போதும் ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானுமாக ஓடும் வண்டி. பின்சக்கரம் ஒன்றின் மேல் டிரைவர் மட்டும் இருக்கும்போது 150 கிலோ, நிறைய ஏற்றினால் 270 கிலோ என்றால், 1.8 ஹெர்ட்ஸில் ஆடிய பின்பக்கம் 1.34க்கு இறங்கிவிடும். அதனால்தான் ஆள் ஏறினால் பின்சீட் மெத்தென்று இருக்கிறது, பெரிய பள்ளத்தில் அடி இடிக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பின்பக்கம் மட்டும் 10 சதவீதம் விறைப்பான, உயரம் குறையாத ஸ்பிரிங் போடலாம். பெரும்பாலும் ஒருவர் இருவராக ஓட்டும் வண்டிக்கு அதுவும் தேவையில்லை.