தாத்தா ஏறிய கப்பல் எது? கேள்வி பதில்

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த உறவினர்களின் பணிப் பதிவுகளைத் தேடுவோர் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: என் மனைவி கார்டிஃபில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1880-களில் நிலக்கரிக் கப்பல்களில் மாலுமியாக இருந்தாராம். பெயரைக் கொடுத்து எங்கே தேடினாலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதில்: கிடைக்காது. மாலுமிகளைப் பெயர்வாரியாகப் பதியும் முறையை 1857-இல் பிரிட்டன் கைவிட்டது. மறுபடி தொடங்கியது 1913-இல். கேப்டன், மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி), எஞ்சினியர் ஆகியோருக்குச் சான்றிதழ்ப் பதிவுகள் உண்டு. சாதாரண மாலுமியின் பெயர் இருப்பது அவர் ஏறிய கப்பலின் மாலுமிப் பட்டியலில்தான். எனவே ஆளைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கப்பலைத் தேடுங்கள். திருமணப் பதிவு, பழைய கடிதம், புகைப்படத்தின் பின்பக்கம் என்று எதையும் விடாதீர்கள். ஒரு கப்பலின் பெயர் கிடைத்தால் போதும்.

கிடைத்ததும் அதன் அதிகாரபூர்வ எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரே பெயரில் பத்துக் கப்பல்கள் ஓடியிருக்கும். ஆனால் 1855 முதல் பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. பெயர் மாறினாலும் முதலாளி மாறினாலும் எண் மாறாது. பட்டியல்களும் அந்த எண்படியே அடுக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்து, எந்த ஊரில் தேடுவது என்ற கேள்வி வரும். 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களில் ஏறத்தாழ 10 சதவீதம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1885, 1895 என ஐந்தில் முடியும் ஆண்டுகளின் எஞ்சிய பட்டியல்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மொத்தத்தில் சுமார் 70 சதவீதம் கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்துக் காத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நன்றி பொங்குகிறது.

முதல் பட்டியல் கையில் வந்ததும் 'முந்தைய கப்பல்' என்ற கட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொருவரும் அதற்கு முன் வேலை செய்த கப்பலின் பெயர் அதில் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பட்டியலுக்குப் போகலாம். அங்கிருந்து அதற்கு முந்தையதற்கு. ஒரு மனிதரின் பத்து வருட வாழ்க்கை இப்படியே கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் பெரிய தாத்தா முதல் உலகப் போரின்போது கப்பலில் இருந்தார். கப்பலின் பெயர் தெரியாது.

பதில்: 1915-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள். அந்த ஒரு வருடத்துப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் பெயர்வாரியாகப் படியெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பாட்டியின் அப்பாவுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. 1920 வாக்கில் லிவர்பூலில் இருந்து கப்பல் ஏறியவர்.

பதில்: இருக்கலாம் அம்மா, நம்பிக்கையோடு தேடுங்கள். 1918 முதல் 1921 வரை வழங்கப்பட்ட 'சி.ஆர். 10' அட்டைகளில் மாலுமியின் படம் ஒட்டப்பட்டிருக்கும். பிறந்த ஊர், அங்க அடையாளங்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். மூல அட்டைகள் சௌதாம்ப்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1913-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட அட்டைகளை 1969-இல் அழித்துவிட்டார்கள். எத்தனை முகங்கள் அதோடு போயினவோ!

கேள்வி: என் தாத்தா 1942-இல் பம்பாயில் பிரிட்டிஷ் கப்பலில் சேர்ந்தார். இந்திய மாலுமிகளுக்குப் பதிவு உண்டா?

பதில்: உண்டு. 1941 முதல் 1972 வரையிலான மாலுமிப் பதிவேடு கியூவில் 'பி.டி. 382' என்ற ஆவண வரிசையில் இருக்கிறது (பி.டி. என்பது 'போர்டு ஆஃப் டிரேட்' என்ற பிரிட்டிஷ் வணிகத் துறையின் சுருக்கம்). ஆசிய மாலுமிகளுக்கு அதில் தனிப் பகுதிகள் உண்டு. சிக்கல் பெயரில்தான். எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தந்தை பெயர், சொந்த ஊர் இரண்டையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். பதவி 'டிண்டல்' என்றிருந்தால் திகைக்க வேண்டாம், மாலுமிகளை வேலை வாங்கும் சிறு தலைவர் அவர்; நம் தோணிகளில் சொல்லும் 'தண்டல்' என்ற சொல்தான் அது. கப்பலின் பெயர் தெரிந்தால் 'பி.டி. 389' வரிசையில் உள்ள அட்டைகளையும் பாருங்கள். போர்க்காலத்தில் அது எந்தத் துறைமுகங்களுக்குப் போனது என்ற விவரம் அதில் இருக்கும். இந்த மாலுமிகளுக்குக் கொடுத்த சம்பளம் வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் சிறு பகுதிதான். குண்டு மட்டும் இருவருக்கும் ஒன்றாகவே விழுந்தது. போரில் இறந்த இந்திய மாலுமிகளுக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவிடங்கள் இருக்கின்றன.

கேள்வி: மாமனாரின் பணிப் புத்தகத்தில் ஓரிடத்தில் 'டி.ஆர்.' என்ற முத்திரை இருக்கிறது. மற்ற இடங்களில் 'வி.ஜி.'

பதில்: 'வி.ஜி.' என்றால் மிக நன்று. 'டி.ஆர்.' என்றால் கருத்துச் சொல்ல மறுக்கிறேன் என்று கேப்டன் எழுதியது. அடுத்த கப்பலில் வேலை கிடைப்பதையே அது கடினமாக்கும். குடும்பத்தார் இதைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். நன்னடத்தை முத்திரைகள்தானே புத்தகம் முழுக்க இருக்கின்றன.

கேள்வி: போரில் இறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். லண்டன் டவர் ஹில் நினைவுச்சின்னத்தில் பெயர் இல்லையே?

பதில்: பகைவரின் தாக்குதலில் இறந்து, கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள்தான் அங்கே இருக்கும். காய்ச்சலிலோ விபத்திலோ இறந்திருந்தால் 'பி.டி. 334' என்ற கடல் மரணப் பதிவேட்டைப் பாருங்கள். 1891 முதல் 1972 வரை இருக்கிறது. கப்பலின் பெயர், அவருடைய வயது, இறந்ததற்கான காரணம் ஆகியவை அதில் இருக்கும்.