சித்திரம் யாருக்கு வரும்?

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு 10ஆம் வகுப்புக்குப் போகிறாள். 12ஆம் வகுப்பு மெட்ரிக் தேர்வுக்கு விஷுவல் ஆர்ட்ஸ் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அக்கவுண்டிங் எடு என்கிறார் அவள் அப்பா. அவள் பள்ளியிலேயே ஓர் ஆசிரியர், "நன்றாகப் படிக்கிற பிள்ளை, படம் வரைகிற பாடத்தில் போய் ஏன் வீணாகிறாய்?" என்று கேட்டிருக்கிறார். எனக்கும் ஒரு சந்தேகம். வரையும் திறமை கடவுள் கொடுப்பது. அது இருக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? இல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?
ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, உங்கள் கடைசி இரண்டு வரிகளை அப்படியே கணிதத்துக்கு வைத்துப் பாருங்கள். கணக்கு வருகிற பிள்ளைக்கு வகுப்பு எதற்கு, வராத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து என்ன பயன் என்று எந்த வீட்டிலாவது கேட்கிறோமா? கணக்கு வராத பிள்ளையைத்தான் கடன் வாங்கியாவது டியூஷனுக்கு அனுப்புகிறோம். படம் என்று வந்தவுடன் மட்டும் கடவுளைக் கூப்பிட்டு, பொறுப்பை அவர் தலையில் இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். இதில் எனக்குக் கோபம் உண்டு. உங்கள் மேல் மட்டுமில்லை, என்னையும் சேர்த்து நம் எல்லோர் மேலும்.

"சித்திரமும் கைப்பழக்கம்" என்று உங்கள் ஆயா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஔவையின் பேரில் வழங்கும் அந்த வெண்பாவைக் கடைசி வரைக்கும் சொல்லிப் பாருங்கள். சித்திரம், தமிழ், கல்வி, நடை எல்லாவற்றையும் பழக்கத்தில் சேர்த்துவிட்டு, நட்பு, தயை, கொடை மூன்றையும்தான் பிறவிக் குணம் என்கிறது அது. நம் சிற்பிகளும் அந்த வழியில்தான் கற்றார்கள். முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்துக்கொண்டு, பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து தாலம் என்று அளந்து, அளந்து, கை பழகினார்கள். இந்த மண்ணிலும் அந்தக் கைகள் வேலை செய்திருக்கின்றன. மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயிலைக் கட்டிய கிஸ்தப்ப ரெட்டியையும், கொத்தனார் என்ற தொழில் பெயரோடு சேர்த்தே அழைக்கப்பட்ட ராமசாமிப் பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே செங்கல்லும் சுதையும் கொண்டு எழுந்த கோயில்கள் அவை. அந்தப் படிகளில் நின்று கும்பிடுகிற நாம், "படம் வரைவது நமக்கு எதற்கு" என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கற்பிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களே, இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து முகம் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலோர் கண்களைத் தலையின் மேற்பகுதியில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடுவார்கள். பிறகு கண்ணாடி முன் நின்று விரலால் அளந்து பாருங்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கின்றன கண்கள். பிறந்த நாள் முதல் பார்த்துவரும் முகம் நமக்குத் தெரியவில்லை! கண் என்றால் இப்படி, மூக்கு என்றால் இப்படி என்று மனத்தில் ஒரு குறி வைத்திருக்கிறோம். கை அந்தக் குறியைத்தான் எழுதுகிறது. நல்ல ஓவிய ஆசிரியர் அந்தக் குறியைக் கலைக்கிறார். நாற்காலியை வரையாதே, அதன் கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தை வரை என்கிறார். தாளைப் பார்க்காமல் இலையின் விளிம்பை மட்டும் கண்ணால் தொடர்ந்துகொண்டே கோடு போடு என்கிறார். சில வாரங்களில் பிள்ளைக்குப் பார்வை மாறுகிறது. இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக மட்டும் பள்ளி நடத்துவதில்லை.

எனக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்க்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. ஆண்டு முடியும் நேரம், டர்பன் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு அச்சடித்த தாள் வரும்: பனி மூடிய கூரை, புகைபோக்கி, வாசலில் ஊசியிலை மரம். வண்ணம் கோட்டைத் தாண்டக் கூடாது, பாடம் அவ்வளவுதான். என் பக்கத்தில் இருந்தவன் அந்தக் கூரைக்குத் துருப்பிடித்த சிவப்பு அடித்தான். அவன் வீட்டுத் தகரக் கூரைக்கு அந்த நிறம். ஆசிரியர் தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். அதன் பிறகு அவன் வரைந்து நான் பார்க்கவே இல்லை. அந்த வகுப்பில் தன் கண்ணால் ஒன்றைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான் என்பது எனக்கு உறைக்க முப்பது வருடம் ஆயிற்று.

போன ஆண்டு ஒரு பள்ளியில் மெட்ரிக் மாணவர்களின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். சுவரில் இருந்த ஓவியங்களைவிட, கீழே மேசையில் கிடந்த ஒரு சோர்ஸ்புக் என்னைப் பிடித்து நிறுத்தியது. விஷுவல் ஆர்ட்ஸ் எடுக்கும் பிள்ளைகள் ஓர் எண்ணம் முளைத்ததிலிருந்து அது படமாகும் வரை பட்ட பாட்டையெல்லாம் பதிந்து வைக்கும் நோட்டு அது. அதற்கும் மதிப்பெண் உண்டு. அந்தப் பெண் தன் ஆயா முறுக்கு பிழிகிற கைகளைப் பதினொரு முறை வரைந்திருந்தாள். முதல் பக்கத்தில் விரல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி இருந்தன. நான்காவது பக்கத்தில் கட்டைவிரல் நகம் மட்டும் பெரிதாக, பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "அழுத்தும்போது நகம் வெளுக்கிறது." ஏழாவது பக்கத்தில் கையே இல்லை. விரல்களுக்கு இடையில் உள்ள சந்துகளை மட்டும் கரித்துண்டால் கறுப்பாக்கியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் இருந்தது வேறு எந்தப் பாட்டியின் கையாகவும் இருக்க முடியாது. அந்த நோட்டை மூட எனக்கு மனம் வரவில்லை.

படிப்பு வராத பிள்ளைகளுக்கான பாடம் என்ற நினைப்பில் உங்கள் மகளிடம் பேசிய ஆசிரியர், மெட்ரிக் வினாத்தாளைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் எழுத்துத் தேர்வு. எதிர்ப்புக் கலை, பாலினம், நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிந்தைய அடையாளம், கட்டடக் கலை என்று பல கருக்கள். படைப்பைப் பார்த்து, காரணம் காட்டிக் கட்டுரை எழுத வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு இன்னொரு 100. பட்டப்படிப்புச் சேர்க்கைக்காக முன்பு வைத்திருந்த பாடப் பட்டியலிலும் இந்தப் பாடம் இருந்தது. அந்தப் பட்டியலையே 2018இல் எடுத்துவிட்டார்கள்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 7 முதல் 9ஆம் வகுப்பு வரை கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் என்ற ஒரே தலைப்பின் கீழ் நடனம், நாடகம், இசை, ஓவியம் நான்கும் வருகின்றன. அவற்றில் இரண்டைப் பள்ளி தேர்ந்துகொள்ளலாம். வாரத்துக்கு மொத்தம் இரண்டு மணி நேரம். பள்ளி ஓவியத்தைத் தேர்ந்துகொள்ளாவிட்டால், உங்கள் பிள்ளை ஒரு கோடும் கற்காமலேயே 10ஆம் வகுப்புக்கு வந்து நிற்பாள். தேர்ந்துகொண்டாலும், கால அட்டவணையில் யாருக்கு இடம் காலியோ அவர் தலையில் அந்த வகுப்பைக் கட்டும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். கணிதத்துக்கு அப்படி ஒருவரை அனுப்பினால் பெற்றோர் கூட்டம் சும்மா இருக்குமா? ஓவியத்துக்கு அனுப்பும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. கடவுள் கொடுப்பது என்ற உங்கள் பேச்சுதான் அந்தப் பள்ளிகளுக்குக் கவசம், அம்மா.

பணம் இல்லை என்று பதில் வரும். ரிச்மண்ட் அருகே இன்டலேனியில் 1952 முதல் 1981 வரை ஆப்பிரிக்க ஆசிரியர்களுக்கு ஓவியமும் சிற்பமும் கற்பிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த கல்வி போதும் என்று 1953இல் வந்த பாண்டு கல்விச் சட்டத்தின் இருட்டுக் காலம் அது. வண்ணம் வாங்கக் காசு கிடையாது. மண்ணைத் தோண்டிக் களிமண் எடுத்தார்கள், கிடைத்த மரக்கட்டையைச் செதுக்கினார்கள். பிறகு ஒன்றுமே இல்லாத பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று இண்டர்நெட்டும் புரொஜெக்டரும் இருக்கிற பள்ளி, கையை விரிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

நம்மவர்களுக்கும் ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. இந்தியர்களுக்கென்று பிரித்து 1961இல் சாலிஸ்பரி தீவில் தொடங்கி, 1972இல் வெஸ்ட்வில்லுக்கு மாறிய பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறை இருந்தது. 2004 இணைப்புக்குப் பிறகு வந்த குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிக்க வேண்டுமென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக வேண்டும். வெஸ்ட்வில்லில் அது ஏன் இல்லை என்று நம் சங்கங்கள் கூட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

அப்பாவின் கவலையை நான் ஒதுக்கவில்லை. நகை வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, கிராபிக் டிசைன், நுண்கலை எல்லாம் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன; உங்கள் வீட்டிலிருந்து போய்வரும் தூரம். கட்டடக் கலைக்கும் வரையும் கை உதவும். அக்கவுண்டிங்கும் அவளுக்குப் பிடித்திருந்தால் இரண்டையும் எடுக்கப் பள்ளியில் வழி உண்டா என்று கேளுங்கள். பிடிக்காத பாடத்தில் தள்ளி, மூன்று வருடம் அவளை உட்கார வைக்காதீர்கள்.

முதலில் பள்ளிக்குப் போய், இந்தப் பாடத்தை யார் எடுக்கிறார், அவர் ஓவியம் படித்தவரா என்று விசாரியுங்கள். மூத்த மாணவர்களின் சோர்ஸ்புக் இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். பக்கமெல்லாம் இணையத்தில் எடுத்து ஒட்டிய படங்களாக இருந்தால், அடித்தும் திருத்தியும் வரைந்த சுவடு எங்கும் இல்லாவிட்டால், வேறு பள்ளி தேடுவதுகூடத் தவறில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி அடுப்பில் ஏறிய பிறகு, அவளிடம் ஒரு 4பி பென்சிலும் தாளும் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் அசையாமல் அவள் எதிரே உட்காருங்கள். கண்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.