விண்வெளிக் கதிர்வீச்சு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எக்ஸ்ரே அறையில் ஈயம்தானே காக்கிறது? விண்கலத்துக்கும் ஈயக் கவசம் போட்டால் என்ன?

எக்ஸ்ரேக்கு ஈயம் சரி. விண்வெளியில் வருவது வேறு ரகம். அண்டக் கதிர்கள் என்பவை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் அணுக்கருக்கள். இரும்பின் கருகூட அவற்றில் உண்டு. அப்படியொன்று ஈய அணுவில் மோதினால் நியூட்ரான்களும் வேறு துகள்களும் கலத்துக்குள் தெறிக்கும். காக்க வைத்த கவசமே கதிர்வீச்சைக் கிளப்பிவிடும். அதனால்தான் ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரையும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கையும் நாடுகிறார்கள். ஹைட்ரஜன் கருவில் இருப்பது ஒரே புரோட்டான், உடைந்து சிதற வேறெதுவும் இல்லை. ஆனாலும் அண்டக் கதிரை முழுசாகத் தடுக்க மீட்டர் கணக்கில் கனம் வேண்டும். அவ்வளவு எடையை ஏவ முடியாது.

அயோடின் மாத்திரை உதவுமா?

உதவாது. அது கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுப்பதற்கு மட்டும்தான்.

நடுவழியில் சூரியப் புயல் வந்தால்?

இதற்குத் தப்ப வழி உண்டு. புயல் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் நீடிக்கும். அதில் சூரியன் வீசும் புரோட்டான்களுக்கு அண்டக் கதிர் அளவுக்கு ஆற்றலும் கிடையாது. நாசாவின் ஓரியன் கலத்தில் சாமான் பைகளைச் சுற்றிலும் அடுக்கி, நடுவில் ஒண்டிக்கொள்வதுதான் ஏற்பாடு. அலட்சியம் மட்டும் கூடாது. 1972 ஆகஸ்டில் கடும் புயல் வந்தது. அப்பல்லோ 16 ஏப்ரலிலேயே திரும்பிவிட்டது, 17 கிளம்பியது டிசம்பரில். இடையில் யாராவது விண்வெளி உடையோடு நிலவில் நடந்துகொண்டிருந்தால், கதிர்நோயில் விழுந்திருக்கக்கூடும்.

செவ்வாய்க்குப் போய்வந்தால் உடம்பில் எவ்வளவு சேரும்?

கியூரியாசிட்டி ஊர்தி 2011-12இல் செவ்வாய்க்குப் போகும்போதே அளந்தது: நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). பூமியில் இயற்கையாக நமக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைப்பதே சராசரியாக 2.4தான். போகவர ஏறக்குறைய ஓராண்டு என்று வைத்தால், அந்தக் கணக்கில் வழியில் மட்டும் ஏறத்தாழ 660 மில்லிசீவர்ட் ஆகிறது. நாசா தன் வீரர்களுக்கு வைத்திருக்கும் வாழ்நாள் வரம்போ 600. எனவே கவசத்தைவிட வேகமான எஞ்சின்தான் முதல் தேவை என்பேன். பயண நாள் பாதியானால் வழியில் வாங்கும் கதிர்வீச்சும் பாதியாகும். அப்புறம், இறங்கியபின் மண்ணுக்கு அடியில் குடியிருப்பு அமைத்துக்கொள்ளலாம்.

சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டில் கிளம்புவது நல்லதா?

நேர்மாறு. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும்போது அதன் காந்தப்புலம் அண்டக் கதிர்களில் ஒரு பகுதியை விரட்டிவிடும். அமைதிக் காலத்தில் அவை அதிகமாக உள்ளே வரும். நீண்ட பயணம் என்றால் புயல் ஆண்டுகளையே தேர்ந்தெடுப்பேன், கலத்தில் ஒண்ட ஓர் இடம் இருக்கும் பட்சத்தில்.