பெண்டர் இல்லாமலே பெடல் ஸ்டீல் ஓசை

கேள்வி: பைர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘டைம் பிட்வீன்’ பாடலில் கிட்டார், பெடல் ஸ்டீல் (மிதியால் கம்பிச் சுரத்தை மாற்றும் கிடைமட்ட கிட்டார்) மாதிரி வழுக்கிக்கொண்டே ஏறுகிறது. அது பி-பெண்டர்தானே? சாதாரண கிட்டாரில் வருமா?

பதில்: பி-பெண்டர் இல்லை. பாடல் இடம்பெற்ற ‘யங்கர் தேன் யெஸ்டர்டே’ ஆல்பம் 1967 பிப்ரவரியில் வந்தது. இதில் விருந்தாளியாக வாசித்த கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட், டிரம்ஸ் கலைஞர் ஜீன் பார்சன்ஸுடன் சேர்ந்து பெண்டரை உருவாக்கியது பிறகுதான். கிட்டாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால், தோள்வார் இழுபட்டு இரண்டாம் கம்பியை (பி கம்பியை) ஒரு முழுச் சுரம் ஏற்றும் அமைப்பு அது. இங்கே வேலை செய்வது விரல்தான்.

பாடலை எழுதியவர் குழுவில் பேஸ் வாசித்த கிறிஸ் ஹில்மன், ப்ளூகிராஸ் மாண்டலினில் வளர்ந்தவர். கன்ட்ரி ராக் என்றாலே 1968 ஆகஸ்டில் வந்த இதே குழுவின் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ ஆல்பத்தைத்தான் சொல்கிறார்கள். ஒன்றரை ஆண்டு முந்திய, இரண்டு நிமிடம்கூட ஓடாத இந்தப் பாட்டை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

அந்த ஓசைக்கு, ஏ மேஜரில் பழகுங்கள். இடக்கை மோதிர விரல் இரண்டாம் கம்பியில், சுண்டு விரல் முதல் கம்பியில், இரண்டுமே 12-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டில்). இரண்டாம் கம்பியை பிக்காலும் முதல் கம்பியை வலக்கை நடுவிரலாலும் ஒரே நேரத்தில் மீட்டி, இரண்டாம் கம்பியை மட்டும் மூன்றாம் கம்பிப் பக்கம் தள்ளுங்கள். பி, சி ஷார்ப்பாக ஏற வேண்டும். முதல் கம்பியின் ஈ அசையக் கூடாது. இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்கட்டும். மோதிர விரல் தனியாகத் தள்ளினால் சுரம் பாதி வழியில் நின்றுவிடும். சரிபார்க்க இரண்டாம் கம்பியில் 14-ஆம் ஃபிரெட்டை அழுத்திக் கேளுங்கள், தள்ளி எட்ட வேண்டிய சுரம் அதுதான். பிரிட்ஜுக்குப் (கம்பிகளைத் தாங்கும் பாலம்) பக்கத்து பிக்கப், 10-46 தடிமன் கம்பி செட் போதும்.

கேள்வி: என் ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில்) அப்படித் தள்ளும்போது முதல் கம்பி சுருதி இறங்கிவிடுகிறதே?

பதில்: மிதக்கும் ட்ரெமோலோதான் (கைப்பிடியால் பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் அமைப்பு) காரணம். ஒரு கம்பி இறுகியதும் பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, மற்ற கம்பிகள் தளர்கின்றன. டெலிகாஸ்டர் வகை கிட்டாரின் பிரிட்ஜ் அசையாது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. பின்மூடியைக் கழற்றி, ட்ரெமோலோ கட்டைக்கு இருபுறமும் மரத்துண்டு செருகி அசையாமல் இறுக்குங்கள். பிறகு எல்லாக் கம்பிகளையும் மறுபடி சுருதி சேர்க்க வேண்டும்.